ஐந்தரைக் கட்டையும் ஆள்காட்டி விரலும்

கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு மாதங்கள் சுகமாகப் போகும். ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் என்று நாலைந்து கார்ட் கைக்கு வந்துவிட்டால் பாதித் தமிழ்ச் சினிமாப் பாட்டுகளை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். இரண்டு மூன்று விரல்களை அங்கங்கே வைத்தால் போதும். மீதித் தந்திகள் தாமாகவே ஒலிக்கும். திறந்த கார்ட் என்று இவற்றைச் சொல்வார்கள். அதன்பிறகு எஃப் வரும். ஆள்காட்டி விரலைத் தந்திகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து, ஆறையும் சேர்த்து அழுத்தி, மற்ற மூன்று விரல்களையும் அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். இதுதான் பார் கார்ட். நிறையப் பேர் கிட்டாரைப் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

எனக்குப் பார் கார்ட் தேவைப்பட்டதற்குக் காரணம் என் குரல். நான் பாடுவது ஐந்தரைக் கட்டை. கட்டை என்பது ஹார்மோனியத்திலிருந்து வந்த கணக்கு. சி என்றால் ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. பொதுவாக ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறில். என் ஐந்தரையைக் கிட்டாரில் வைத்தால் அது ஜி ஷார்ப். அந்தச் சுருதியில் ஒரு எளிய பாட்டுக்கு வேண்டிய மூன்று கார்ட்கள் ஜி ஷார்ப், சி ஷார்ப், டி ஷார்ப். மூன்றில் ஒன்றுகூடத் திறந்த கார்ட் இல்லை. மூன்றும் பார்.

கடையில் கிடைக்கும் கார்ட் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். நான் வாங்கிய மூன்றிலும் பாட்டுகள் சி, டி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் என்றே இருந்தன. அசல் பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் ‘கற்பவர் வசதிக்காக’ அங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அந்த வசதி பெரும்பாலும் ஓர் ஆண்குரலுக்குப் பொருந்திவிடுகிறது. டி சுருதியில் என்னைப் பாடச் சொன்னால் கீழே போகும் இடத்தில் குரல் காணாமல் போகும். ஒரு ஸ்தாயி மேலே எடுத்தால் கத்த வேண்டியிருக்கும். இரண்டும் வேண்டாம் என்றால் வழி ஒன்றுதான். புத்தகத்தை மூடிவிட்டு, என் சுருதிக்குக் கிட்டாரைக் கொண்டுவர வேண்டும்.

கேப்போ என்று ஒரு கவ்வி இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்று கிட்டார் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போதும், ஓரளவுக்கு. முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டு ஜி வடிவத்தைப் பிடித்தால் ஜி ஷார்ப் கிடைக்கும். ஆனால் ஜி வடிவத்தில் வாசித்தாலும் பி மைனர் வரும், அது பார். சி என்றால் எஃப் வரும். டி என்றால் மறுபடி பி மைனர். எந்தச் சந்துக்குள் புகுந்தாலும் ஏதோ ஒரு முனையில் பார் நிற்கிறது. கேப்போ போடுவதை ஏதோ குறுக்குவழி போலக் கேலி பேசும் ஆண்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்பெயினின் ஃபிளமென்கோ கலைஞர்கள் கேப்போ இல்லாமல் உட்காருவதே அபூர்வம் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லலாம். ஸ்பானிய மொழியில் பாருக்குப் புருவம் என்று பெயர். கேப்போவுக்குச் சின்னப் புருவம். இரண்டும் ஒரே குடும்பம்.

நான் கிட்டாரைத் தொட்டது நாற்பத்திரண்டு வயதில். கோடம்பாக்கம் டிரஸ்ட்புரத்தில் ஒரு மாடி அறையில் பாடம். சொல்லிக்கொடுத்தவர் ஸ்டுடியோக்களில் வாசித்து ஓய்ந்தவர். கோடம்பாக்கத்தில் இப்படிப்பட்டவர்களை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் என்னை அம்மா என்பார். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “விரல் ரொம்ப மெலிசா இருக்கும்மா, பார் கொஞ்சம் கஷ்டம்தான்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் கிட்டார் வாங்கப் போன கடையிலும் அதையேதான் சொன்னார்கள். லேடீஸுக்கு விரலில் பலம் பத்தாது, யூகலேலி எடுத்துக்கோங்க மேடம். இந்த வாக்கியத்தை எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள்! இதை ஒரு வரலாற்றுக் கூற்றாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம் என்று அன்றைக்கே தோன்றியது.

முதல் சாட்சி வீணை. தந்தியை மெட்டின்மேல் அழுத்துவது மட்டும் அல்ல வீணை. அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஒரே மெட்டில் இருந்துகொண்டு இரண்டு, மூன்று சுரம்வரை இழுத்துப் பிடித்துக் கமகம் கொடுப்பார்கள். தந்தி உலோகம். அது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கோடு கிழிக்கும். அந்தக் கோடு காய்த்துப்போகும். விரலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசிப்பார்கள். வீணை தனம்மாள் 1867இல் பிறந்து 1938இல் இறந்தவர். அந்த எழுபது வருடங்களில் சென்னையின் சங்கீத ரசிகர்கள் அவர் வீட்டுத் திண்ணைக்கு எப்படி ஓடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் எத்தனை வீடுகளில் பெண்குழந்தைகளை வீணை வகுப்புக்கு அனுப்பியிருக்கிறோம்? அப்போது யாரும் விரல் மெலிசு என்று சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் ‘பொண்ணு வீணை வாசிப்பா’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஆக, விரல் பலம் எப்போது போதும், எப்போது போதாது என்பதை முடிவுசெய்வது விரல் இல்லை.

இரண்டாவது சாட்சி கிட்டாரின் சொந்த வரலாறு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிட்டார், நடுத்தர மேல்தட்டு வீடுகளின் கூடத்தில் பெண்கள் மடியில் இருந்த கருவி. சின்ன உடல், ஆட்டுக்குடல் தந்தி, இழுவிசை குறைவு. லண்டனில் அதைக் கற்பித்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். கேதரினா பிராட்டன், 1824இல் ஜெர்மனியில் பிறந்தவர், குழந்தை மேதையாக மேடையேறியவர். மேடம் சிட்னி பிராட்டன் என்று கணவர் பெயரில்தான் அவர் அறியப்பட்டார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கணவர் புல்லாங்குழல் கலைஞர், 1868இல் இறந்துவிட்டார். அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தே அவர் வாழ்ந்தார். விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸும் அவர் மாணவி. தொடக்கநிலை மாணவிகளுக்காகக் கிட்டாரின் ஆறு தந்திகளையும் ஈ மேஜர் கார்டாகவே சுருதி சேர்த்துக் கற்பிக்கும் முறை ஒன்றை அவர் புத்தகமாகப் போட்டார். அப்படிச் சுருதி சேர்த்துவிட்டால் ஒரே ஒரு விரலை நேராகப் படுக்கவைத்தால் முழு மேஜர் கார்ட் வந்துவிடும். மற்ற மூன்று விரல்களுக்கு வேலையே இல்லை.

இதை எளிமைப்படுத்தல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பிராட்டனுக்குப் பிறகு இந்தத் திறந்த சுருதி முறை எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் அந்தச் சொல் நிற்காது. அமெரிக்காவில் 1940களிலேயே மின்கிட்டாரில் ராக்கெண்ரோலுக்கு அஸ்திவாரம் போட்ட கறுப்பினப் பெண் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் வாசித்தது திறந்த சுருதியில். கனடாவின் ஜோனி மிட்செல் ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதத்தில் விழுந்தவர். இடதுகை பலவீனமாகிவிட்டது, வழக்கமான சுருதியில் சிக்கலான பிடிகள் அவருக்குச் சரிப்படவில்லை. தந்திகளைத் தன் கைக்கேற்ப மாற்றி மாற்றிச் சுருதி சேர்த்தார், ஐம்பதுக்குக் குறையாத விதங்களில். அதிலிருந்து பிறந்த கார்ட்களுக்குப் பெயர் வைக்க முடியாமல் ஜாஸ் கலைஞர்கள் திணறினார்கள்.

இதற்கிடையே கருவி வளர்ந்துகொண்டே போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் கிட்டாரின் உடலைப் பெரிதாக்கி, தந்தி அளவை 650 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதுதான் கிளாசிக்கல் கிட்டாரின் அளவுகோல். பிறகு அமெரிக்காவில் குடல் போய் எஃகு வந்தது. சாதாரணமாக நாம் வாங்கும் எஃகுத் தந்திக் கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடையின் விசையோடு அந்தக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நைலான் தந்தி என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல். 1916இல் மார்ட்டின் நிறுவனம் ஒரு பெரிய உடல் கிட்டாரைச் செய்தது. அதற்கு வைத்த பெயர் டிரெட்நாட். பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல் பெயர் அது. சென்னையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் எடுத்துக் கையில் கொடுக்கப்படும் கிட்டாரின் வடிவம் இன்றைக்கு அதுதான். ஐந்தடி உயரமுள்ள ஒருத்தி அதை மடியில் வைத்தால் வலது தோள் காதுவரை தூக்கிக்கொள்ளும். மார்பை எங்கே வைத்துக்கொள்வது என்பது தனிப் பிரச்சினை. துப்பட்டா பலகைமேல் வழுக்கும். போர்க்கப்பலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இடதுகையை நீட்டி எஃப் பிடிக்கச் சொல்கிறார்கள். வரவில்லை என்றால் விரல் மெலிசு.

எஃப் ஏன் மற்றப் பார்களைவிடக் கடினம் என்பதற்கும் விரலுக்கும் சம்பந்தம் குறைவு. முதல் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில்தான் தந்திகளைத் தாங்கும் நட் இருக்கிறது. அங்கே தந்தி விறைப்பாக இருக்கும். நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாமல் இருந்தால் தந்தி உயரமாக நிற்கும். அழுத்த அழுத்த எதிர்க்கும். மலிவான கிட்டார்களில் இதுதான் நிலைமை. அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்துப் பாருங்கள், பாதி வலியில் ஏ வந்துவிடும். ஆனாலும் எல்லாப் பாடப்புத்தகங்களும் பாரை எஃப்பிலிருந்தே தொடங்குகின்றன. நான் இரண்டு மாதம் எஃப்போடு மல்லுக்கட்டியபின் மாஸ்டரிடம் கிட்டாரைக் கொடுத்து, ‘விரலை விடுங்க மாஸ்டர், இதைப் பாருங்க’ என்றேன். அவர் ஒரு சின்ன அரத்தை எடுத்து நட்டின் பள்ளங்களை ராவினார். பிரிட்ஜில் இருக்கும் எலும்புத்துண்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தார். முக்கால் மணி நேர வேலை. தந்தியையும் ஒரு நம்பர் மெல்லியதாக மாற்றினார். அதன்பிறகு என் விரல் திடீரென்று பலசாலியாகிவிட்டது.

மீதி இருப்பது நுணுக்கம். ஆள்காட்டி விரலின் உள்பக்கச் சதையால் அழுத்தக் கூடாது, அங்கே மடிப்புகள் இருக்கின்றன. தந்தி மடிப்பில் விழுந்தால் ஊமையாகிவிடும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டினால் எலும்பின் ஓரம் கிடைக்கும். ஃப்ரெட்டை ஒட்டி வைக்க வேண்டும். கட்டைவிரலால் நசுக்க வேண்டியதில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி, கையின் கனத்தைப் பின்னால் இழுத்தால் போதும். ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களுக்கு இது புரியும்: தோளிலிருந்து இறங்கும் விசை. யாரும் சீக்கிரத்தில் சொல்லித்தராத இன்னொன்றும் இருக்கிறது. எஃப் பிடியில் ஆறு தந்திகளையும் ஆள்காட்டி விரல் அழுத்தத் தேவையே இல்லை. நடுவில் இருக்கும் மூன்று தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆறாவது, இரண்டாவது, முதலாவது ஆகிய மூன்றில் மட்டும் ஆள்காட்டி விரல் உறுதியாக இருந்தால் போதும்.

பெண்களுக்கு என்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது என்றால் அது பாத்திரம் தேய்ப்பது. விரல் நுனி காய்த்துப்போனால்தான் வலி குறையும். ராத்திரி சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறினால் காய்ப்பு இளகிவிடும். ஊறிய விரலோடு எஃகுத் தந்தியைத் தொட்டால் தோல் உரியும். என் வீட்டில் பாத்திர வேலை கைமாறியதன் பின்னணி இதுதான். இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் பாத்திரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இனி கோடம்பாக்கத்துக்கு வருகிறேன். கோடம்பாக்கம் என்று சொல்கிறோமே தவிர, ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருந்தன. ஏவிஎம், விஜயா வாகினி, பிரசாத். ஆற்காடு சாலையில் காலை ஏழு மணிக்குக் கருவிப் பெட்டிகளோடு ஸ்கூட்டரில் போன ஆண்கள் ஒரு தலைமுறையின் காட்சி. பார் கார்ட் இங்கே பிழைப்புக்கான தகுதி. பாடகர் வந்து நிற்பார், சுருதி அரைக்கட்டை இறக்கு என்பார். சி என்று எழுதியிருந்தது பி ஆகிவிடும். திறந்த கார்ட் மட்டும் தெரிந்தவர் அங்கே உட்கார முடியாது. பல தடங்களில் தனித்தனியாகப் பதிவுசெய்யும் வசதி வருவதற்கு முன்னால் பாடகர், வயலின், தபலா, கிட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. எம்.எஸ்.வி.யிடம் கிட்டார் வாசித்த பிலிப்ஸ், இளையராஜாவிடம் வாசித்த சதானந்தம், சந்திரசேகர் ஆகியோர் கைகளில்தான் தமிழ்ச் சினிமாவின் கிட்டார் ஒலி உருவானது.

அந்தக் கைகளில் பெண் கை இருந்ததா? பழைய ஒலிப்பதிவுப் புகைப்படங்களை ஒரு காலத்தில் தேடித்தேடிப் பார்த்தேன். மைக்குக்கு முன்னால் சுசீலா, ஜானகி, எல்.ஆர். ஈஸ்வரி, வாணி ஜெயராம். பின்னால் வரிசையாக நாற்காலிகளில் ஆண்கள். ‘உங்க காலத்துல கிட்டார்ல லேடீஸ் யாராவது இருந்தாங்களா மாஸ்டர்’ என்று கேட்டேன். கோரஸில் நிறையப் பேர் இருந்ததாகச் சொன்னார். கிட்டாரில் யாரையும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சினிமாவுக்குப் பெண்களை அனுப்ப மாட்டார்கள், அதனால் வரவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படியானால் கோரஸ் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஈஸ்வரியின் தாயே கோரஸ் பாடகி. அவரோடு போய்த்தான் ஈஸ்வரி பாட வந்தார். பெண் அந்தக் கூடத்துக்குள் வந்துகொண்டுதான் இருந்தாள், குரலாக. குரலை இயற்கை கொடுத்த வரம் என்று நினைத்தார்கள். வரத்தை ஒருத்தியிடமிருந்து வாங்கிக்கொள்வதில் யாருக்கும் சங்கடமில்லை. வாத்தியம் தொழில். தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்கும், மாமாவிடமிருந்து மருமகனுக்கும் போகும். மூத்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பார். வேலை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அடுத்த கால்ஷீட் பேச்சு வரும். எம்.பி. சீனிவாசன் முன்னின்று கட்டிய இசைக்கலைஞர் சங்கம் கூலிக்கும் நேரத்துக்கும் ஒழுங்கு கொண்டுவந்தது, பெரிய காரியம். ஆனால் சங்கத்துக்குள் வருவதற்கே முதலில் அந்தப் பக்கத்து நாற்காலி வேண்டும். காலை ஏழு மணி என்பது வீட்டில் இட்லி வெந்துகொண்டிருக்கும் நேரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் இத்தனைக்கும் கோடம்பாக்கத்தில் ஓர் ஏணியாக இருந்த கருவி. சபாக்களின் பரம்பரைக் கணக்கு அதற்கு இல்லை. பண்ணைப்புரத்திலிருந்து 1960களின் கடைசியில் வந்த இளைஞர், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதி, சலில் சௌத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்து, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்தார். குலமும் குருபரம்பரையும் கேட்காத கருவி அது என்று நான் பெருமையாகவே நினைக்கிறேன். அந்த ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண்ணும் வரவில்லையா, வந்தவளுக்கு எட்டாத உயரத்தில் முதல் படி இருந்ததா என்ற கேள்வி அதனால்தான் கூடுதலாக உறுத்துகிறது.

முடியாத காரியம் என்றில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் கரோல் கே என்ற பெண் 1957இல் கிட்டாரோடு நுழைந்தார். 1960களில் பேஸ் கிட்டாருக்கு மாறி, அமெரிக்கப் பாப் பாட்டுகளின் அடித்தளத்தையே வாசித்தார். அவருக்குக் குழந்தைகள் இருந்தன, வருமானம் தேவைப்பட்டது. ஸ்டுடியோ வேலை ஜாஸ் கிளப்பைவிட நல்ல காசு. அவ்வளவுதான். பத்தாயிரம் பதிவுகள் வாசித்ததாக அவர் கணக்கு.

திரையில் நிலைமை இன்னும் வேடிக்கை. தமிழர்கள் கிட்டாருக்காகவே நினைவில் வைத்திருக்கும் பாட்டுகளில் ஒன்று ‘மூடுபனி’ (1980) படத்தில் வருகிறது. பிரதாப் போத்தன் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுகிறார், ஷோபா கேட்கிறார். கதைப்படி அவளை அவன் கடத்திக்கொண்டுவந்து வைத்திருக்கிறான். எத்தனை கல்லூரி விழாக்களில் எத்தனை பையன்கள் எத்தனை பெண்களைப் பார்த்து அந்தப் பாட்டை வாசித்திருக்கிறார்கள்! இந்திப் பக்கம் போனால் ‘யாதோன் கி பாராத்’ (1973) படத்தில் ஜீனத் அமன் கையிலேயே கிட்டார் இருக்கிறது. அந்தப் பிம்பத்தை ஐம்பது வருடமாக நாடே ரசிக்கிறது. குரல் ஆஷா போஸ்லே. அந்தக் கிட்டாரை ஸ்டுடியோவில் வாசித்தவர் பூபிந்தர் சிங்.

சுருதி விஷயத்துக்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கேயும் கோடம்பாக்கத்தின் கை இருக்கிறது. ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இருவருமே உச்ச சுருதியில் பாடியவர்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. மைக் வந்தபின் ஆண்குரல் கீழே இறங்கி வந்து நிம்மதியாக உட்கார்ந்தது. சினிமா டூயட்டில் ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் பாட வேண்டும். ஆணுக்கு வசதியான இடத்தில் சுருதியை வைத்தால் பெண் மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டியதுதான். கதாநாயகியின் குரல் கீச்சென்று மெல்லியதாக, உயரத்தில் இருந்தால்தான் அழகு என்று காதுகள் பழகியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஜானகியும் சுசீலாவும் அந்த உயரத்தை எவ்வளவு இயல்பாகத் தொட்டார்கள் என்றால், அது பெண்குரலின் இயல்பான இருப்பிடம் என்றே நம்பிவிட்டோம். வீட்டில் தனியாக முணுமுணுக்கும்போது எந்தப் பெண் அங்கே பாடுகிறாள்?

1992இல் ‘ரோஜா’ வந்தது. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டோடு கட்டிய ஸ்டுடியோவிலிருந்து வந்த ஒலி, மொத்த வேலைமுறையையும் மாற்றியது. நாற்பது பேர் வாசித்ததைக் கணினியில் அடுக்க முடிந்தது. கிட்டார் வேண்டுமென்றால் ஒருவர் தனியாக வந்து வாசித்துவிட்டுப் போகலாம். பெரிய கூடங்கள் வரிசையாக அடைபட்டன, பல மாஸ்டர்கள் வீட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்கினார்கள். 2008இல் ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்விக்கூடத்தில் பெண்களும் வந்து வாத்தியம் படித்தார்கள். அவர் மேடைகளில் மோகினி டே பேஸ் வாசிப்பதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவருக்கும் கற்றுக்கொடுத்தவர் பேஸ் கலைஞரான தந்தைதான், அதே பழைய வழி, மகளுக்குத் திறந்தது. பெண்கள் கிட்டாரோடு கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது, உட்காருவதற்கு நாற்காலிகளே இல்லாத காலம் ஆகிவிட்டது. நெசவிலும் அச்சுக்கோப்பிலும்கூட இப்படி நடந்திருக்கிறது.

ஃபெண்டர் நிறுவனம் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிட்டார் எடுப்பவர்களில் ஏறக்குறையச் சரிபாதி பெண்கள் என்றது. முதல் வருடத்திலேயே பத்தில் ஒன்பது பேர் விட்டுவிடுகிறார்கள் என்றும் அந்நிறுவனத்தின் தலைவர் ஒருமுறை சொன்னார். வியாபாரிகளுக்கு இது சந்தைக் கணக்கு. எனக்கு அந்த ஒன்பது பேரில் எத்தனை பேர் எஃப்பில் நின்றார்கள், எத்தனை பேரிடம் விரல் மெலிசு என்று சொன்னார்கள் என்ற யோசனை.

இப்போது சனிக்கிழமைகளில் மாஸ்டரின் மாடியில் புதிதாக வருபவர்களுக்கு ஆரம்பப் பாடம் நான் எடுக்கிறேன். பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். இரண்டு பேர் என் வயதுக்காரிகள். டிரெட்நாட் வைத்திருப்பவர்களை முதலில் நட்டையும் தந்தியையும் சரிபார்க்க அனுப்பிவிடுகிறேன். பாரை ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்குகிறோம், ஏ மேஜரில். அங்கிருந்து வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி எஃப்புக்கு வருகிறோம். அதற்கும் முன்னால், கிட்டாரைத் தொடுவதற்கு முன்பே, தம்பூரா செயலியைப் போட்டுவிட்டு ஒவ்வொருத்தியையும் அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சும்மா பாடச் சொல்கிறேன். யாருக்கும் கேட்காதபடி பாடுவதுபோல. எந்தக் கட்டை என்று பார்த்து அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்கிறாள். போன வாரம் வந்த மூவரில் ஒருத்திக்கு ஐந்து, ஒருத்திக்கு நாலரை. மூன்றாமவள் மூன்று கட்டைக்கு இறங்கினாள். ஆண்குரல் மாதிரி இருக்கு என்று பள்ளிக்கூடக் குழுப்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்டவளாம். மூன்று கட்டை என்றால் ஈ மேஜர். அவளுக்கு முதல் கார்ட் பாரே இல்லாமல் வந்தது.